நம்ம சாமி, அடுத்த வீட்டுச் சாமி: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரியம்மன் நோம்பி, நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் விருந்து, எழவு வீடு, கலப்புக் கல்யாணம் என்று கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்தில் வேற்று மதத்தார் வாசலை மிதிக்காமல் யாருக்கும் ஒரு வருசம் ஓடாது. போகலாமா, சாப்பிடலாமா, கும்பிடலாமா என்ற சந்தேகங்களும் அப்படியே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு.

எனக்கு முருகன்தானுங்க எல்லாம். கூட வேலை செய்யறவங்க கூப்பிட்டாங்கன்னு சர்ச்சுக்குள்ள போனா நம்ம சாமி கோவிச்சுக்குமுங்களா?

உள்ளே போவது வேறு, மரியாதைக்கு நிற்பது வேறு, வழிபடுவது வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது. சிநேகிதர் மகள் கல்யாணத்துக்கு ஆலயத்துக்குள் போய் உட்காருவது முதல் வகை. எல்லோரும் எழும்போது எழுந்து நிற்பது இரண்டாவது. முழங்காலிட்டு, சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லி, அப்பம் வாங்குவது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்ததால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை. மூன்றாவதை மனசு ஒப்பாமல் செய்ய வேண்டியதில்லை. கூப்பிட்டவர்களும் உங்களிடம் அதை எதிர்பார்ப்பதில்லை.

சிலருடைய சபையோ ஜமாஅத்தோ முதல் வகைக்கே சம்மதிக்காது. அப்படிப்பட்டவர் கோயில் கல்யாணத்துக்கு வராமல் மண்டபத்துக்கு வந்து வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுப் போவார். அதையும் வந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்ப எல்லா மதமும் ஒண்ணுதான்னு ஒத்துக்கோணுமுங்களா?

வேண்டியதில்லை. அது உண்மையும் இல்லை. சைவத்திலும் வைணவத்திலும் மறுபிறப்பு உண்டு. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் ஒரே பிறவி, அதன்பின் தீர்ப்பு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று கிறிஸ்தவர் சொல்வதை இஸ்லாம் ஏற்பதில்லை. சமணத்தில் உலகைப் படைத்த கடவுளே கிடையாது. இத்தனையும் ஒன்று என்று சொல்கிறவர் இவர்களில் ஒருவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

வேறுபாடு தெரிந்தே பக்கத்தில் இருப்பதைத்தான் இங்கே பேசுகிறோம். அதற்கான இடம் அவரவர் மரபுக்குள்ளேயே இருக்கிறது. "உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்" என்கிறது குர்ஆன் (109:6). பிற சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கும் எதையும் தள்ளுவதில்லை என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒருவர் பார்வைக்கு முழுதும் எட்டாது என்ற அனேகாந்தவாதம் அந்தச் சமணத்தின் அடிப்படை. யாரும் தன் கொள்கையை விட்டுவிட்டு இதைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பள்ளிவாசலைப் பார்க்கோணும்னு ஆசைங்க. என்ன முறை?

முதலில் முத்தவல்லியிடமோ (பள்ளி நிர்வாகி) ஹஜ்ரத்திடமோ (தொழுகை நடத்தும் இமாம்) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் 12 முதல் 2 வரை ஜும்ஆ கூட்டம் இருக்கும், அந்த நேரம் வேண்டாம். மற்ற நாளில் லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்து அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு முன், அதாவது மதியம் இரண்டரை மூன்று மணிக்குப் போனால் யாராவது நிதானமாகச் சுற்றிக் காட்டுவார்கள். கை கால் மூடிய உடை போதும். பெண்கள் தலையில் முந்தானையோ துப்பட்டாவோ போட்டுக்கொள்வது மரியாதை. பெண்களுக்குத் தனி இடம் எல்லாப் பள்ளியிலும் இருக்காது, போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்வது தொழப் போகிறவர்களுக்குத்தான், பார்க்க வருபவருக்கு அவசியமில்லை. ஆனாலும் காலில் புழுதி இருந்தால் கழுவிக்கொள்ளுங்கள், தரைவிரிப்பில் நெற்றியை வைத்துத் தொழுகிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடந்துவிடுவது. பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். வழியில்லை என்றால் அவர் முடிக்கும்வரை நில்லுங்கள்.

மாதா கோயில் பூசையில எல்லாரும் வரிசையில போய் அப்பம் வாங்கறாங்க. நாமளும் வாங்கலாமுங்களா? பிரசாதம்தானுங்களே?

பிரசாதம் இல்லை. இந்த இடத்தில்தான் நல்ல மனசோடு போனவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். புளிக்காத கோதுமை மாவில் செய்த, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய, காகிதம் போல மெல்லிய வெள்ளை வட்டம் அது. பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் பூசையில் வசீகரம் (சாமியார் அதற்குரிய செபத்தைச் சொல்லிப் புனிதமாக்குவது) செய்யப்பட்டபின் அது கிறிஸ்துவின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது கத்தோலிக்கர் விசுவாசம். அவர்களுக்குள்ளேயே ஞானஸ்நானம் பெற்று, முதல் நற்கருணைக்கு (இந்த அப்பத்தை முதன்முதலாக வாங்குவதற்கு) தயாரிக்கப்பட்டவர்தான் வாங்குவார். பெரும்பாவம் செய்ததாக மனசுக்குத் தோன்றினால், பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவது) செய்யும்வரை கத்தோலிக்கரே அந்த வரிசைக்கு வரமாட்டார்.

எனவே உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். உங்கள் பெஞ்சில் உள்ளவர்கள் வெளியே போக வழி விட்டு, கால்களை ஒதுக்கிக்கொண்டால் போதும். சில பங்குகளில் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டி வரிசையில் போனால் சாமியார் அப்பம் தராமல் ஆசீர் மட்டும் தருவார். அந்த வழக்கம் அங்கே உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால் பைக்குள் போடாதீர்கள், வீட்டுக்கும் கொண்டு போகாதீர்கள். அங்கேயே, கொடுத்தவரிடமே, "நான் கத்தோலிக்கர் இல்லைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பையில் போட்டுக் கொண்டு போய்ப் பூசையறையில் வைப்பதுதான் அவர்களை நோகடிக்கும், நீங்கள் பக்தியோடு செய்திருந்தாலும்.

தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) திடப்படுத்தல், அதாவது விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு, பெற்றவர்களுக்கும், பெந்தெகொஸ்தே சபைகளில் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கும்தான் வழக்கமாகத் திருவிருந்து. மெழுகுவர்த்தி ஏற்றுவது, தீர்த்தம் தொட்டுக்கொள்வது, சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வது, திருவிழாச் சாப்பாடு இவற்றுக்கு மற்றவர்களுக்குத் தடையில்லை. கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியோடு வரும் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல.

கூட்டாளி ஒருத்தர் முஸ்லிம். பழனிக்கு எங்ககூட வர்றேங்கறார். உள்ள விடுவாங்களா?

2024 ஜனவரி 30 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பழனி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரம் தாண்டி அனுமதியில்லை என்று பலகை வைக்கச் சொன்ன அதே தீர்ப்பில் ஒரு வழியும் இருக்கிறது. அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது, கோயில் வழக்கத்தைப் பின்பற்றுவேன் என்று எழுதிக் கொடுத்தால், பதிவேட்டில் குறித்துக்கொண்டு அனுமதிக்கலாம்.

உங்கள் கூட்டாளி எந்த மனசோடு வருகிறார் என்பதை அவரிடமே கேளுங்கள். துணைக்கும் மலையேறும் ஆசைக்கும் வருகிறார் என்றால் கொடிமரம் வரை வரட்டும். இல்லாத நம்பிக்கையை எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள், அது அவர் மார்க்கத்துக்கும் பொய், முருகன் சந்நிதியிலும் பொய். மெய்யாகவே நம்பிக்கையோடு வருகிறார் என்றால் புறப்படும் முன் கோயில் அலுவலகத்தில் நடைமுறையை விசாரித்துவிடுங்கள். மலையேறிப் போய் வாசலில் வாக்குவாதம் செய்யும் நிலைமை வேண்டாம்.

ஏனுங்க, நான் சபைக்குப் போறவ. பக்கத்து வீட்டம்மா திருநீறு வெச்சு உட வர்றாங்க. வேண்டாம்னா அவங்க மனசு நோகாதுங்களா?

கை நெற்றிக்கு வருவதற்கு முன் சொன்னால் நோகாது. பூசியபின் அவர் கண் முன்னாலேயே துடைத்தால் நிச்சயம் நோகும். அவர் தட்டை எடுக்கும்போதே இரண்டு கையையும் கூப்பி, "நான் வெச்சுக்கறதில்லைங்க அக்கா, உங்க பாசம் போதும்" என்று சொல்லிவிடுங்கள். கைகூப்புவது மனிதருக்குச் செய்யும் மரியாதையும்தான்.

திருநீறு தருகிறவருக்கும் ஒரு வார்த்தை. நெற்றியில் நேராகப் பூசாமல் தட்டை நீட்டுங்கள். எடுப்பவர் எடுத்துக்கொள்வார்.

கோயில் பொங்கலைக் கொடுத்தா சிலர் வாங்க மாட்டேங்கறாங்க. சோத்துல என்னங்க மதம்?

கொடுப்பவருக்கு அது சோறு மட்டுமா? சாமிக்குப் படைத்ததால்தானே அது பிரசாதம். அதே படையல்தான் வாங்குபவருக்குத் தடையாகிறது. அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டதைக் குர்ஆன் விலக்குகிறது (2:173, 5:3). ஆகவே கெடாவெட்டுக் கறி முஸ்லிமுக்கு இரண்டு விதத்தில் ஆகாது: சாமி பெயரால் வெட்டியது, ஹலால் முறையில் அறுக்காதது. சர்க்கரைப் பொங்கல் போன்ற சைவப் படையலில் முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுகிறது, பலர் அதையும் தவிர்ப்பார்கள். கிறிஸ்தவருக்குப் பவுல் எழுதியது தெளிவாக இருக்கிறது (1 கொரிந்தியர் 10:27, 28). அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு, ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொல்லிவிட்டால் சாப்பிடாதே. கத்தோலிக்கர்களில் பலர் வாங்கிக்கொள்வார்கள், பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

வழி எளிதானது. பொங்கலை இறக்கியதும், படையலுக்கு எடுப்பதற்கு முன்னால், ஒரு போசியில் தனியே எடுத்து மூடி வையுங்கள். அதைக் கொடுக்கும்போது "இது படைக்காததுங்க" என்று சொல்லுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் பழமோ கடையில் வாங்கிய பலகாரமோ கொடுக்கலாம். செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு: படைத்ததைச் சொல்லாமல் கொடுத்துச் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம் "பாருங்க, ஒண்ணும் ஆகலையே" என்பது. அப்படி உடைந்த நட்பு மறுபடி ஒட்டுவது கடினம்.

பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டுல பிரியாணி கொடுத்து உட்டாங்க. அன்னைக்கு எங்களுக்குக் கிருத்திகை. என்ன பண்றது?

வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு நாங்க கவுச்சி சாப்பிடறதில்லைங்க, நாளைக்குச் சாப்பிட்டுக்கறோம்" என்று சொல்லுங்கள். மாலை போட்ட வீடு, சுத்த சைவ வீடு என்றால் பாத்திரத்தையே உள்ளே எடுக்க முடியாது. அதை வருசாவருசம் வாசலில் வைத்துச் சொல்லாமல் ஒரு தடவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய நாட்கள்: புரட்டாசி முழுவதும், கார்த்திகை பிறந்து மாலை போட்ட நாட்கள், சஷ்டி, கிருத்திகை, அமாவாசை, பல வீடுகளில் வெள்ளிக்கிழமை. கிறிஸ்தவ வீடு என்றால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ரமலான் ஒவ்வொரு வருசமும் 10, 11 நாள் முன்னே நகர்ந்து வரும் என்பதால் போன வருசத் தேதியை நம்பி இஃப்தாருக்குக் கூப்பிடக்கூடாது. என்ன கறி என்ற தயக்கம் பெறுபவருக்கு இருக்கும், அவர் கேட்க வெட்கப்படுவார். "ஆட்டுக்கறிங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சைவ வீட்டுக்குப் பிரித்து எடுக்காத இனிப்புப் பெட்டியோ, பழமோ, முந்திரி திராட்சையோ கொடுப்பது வழக்கம்.

நோன்புக் கஞ்சி நாங்க குடிக்கலாமுங்களா?

தாராளமாக. அஸருக்குப் பிறகு தூக்குப்போசியோடு போனால் எந்த வீட்டார் என்று கேட்காமல் ஊற்றும் பள்ளிகள் நிறைய. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பாலோடு பல இடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள். கறி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். நோன்பாளிகளுக்கு முதலில் போகட்டும்.

கொழந்தை ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுவுது. அமுச்சி பள்ளிவாசல்ல ஓதி வாங்கச் சொல்றாங்க. போலாமுங்களா?

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருபவர்களிடம் கைக்குழந்தையை நீட்டி ஓதி ஊதச் சொல்வது இந்த ஊர்ப் பக்கம் நெடுங்காலப் பழக்கம். சூரியன் மறைந்து 20 நிமிடம் போல ஆகும்போது வாசலில் ஒதுங்கி நில்லுங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்குகிறவர் இருந்தால் வேறிடம் பாருங்கள். எல்லா ஜமாஅத்தும் இதை ஏற்பதில்லை. தாயத்துக் கட்டுவதை இஸ்லாத்துக்கு விரோதம் என்றே சொல்கிற முஸ்லிம்கள் உண்டு. ஒருவர் மறுத்தால் அது உங்கள் மதத்தைப் பார்த்து அல்ல.

காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி உப்புவது அல்லது உள்வாங்குவது இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம் ஓதுவது. சீர் (தோஷம்) தட்டியிருக்கிறது என்று நாள் கடத்துவது ஆபத்து.

மாரியம்மன் நோம்பிக்கு ஊருல தலைக்கட்டு வரி கேக்கறாங்க. நாங்க கிறிஸ்தவங்க. கொடுக்கலேன்னா ஒதுக்கி வெப்பாங்களோன்னு பயம்.

ஊர் வரி சட்டப்படியான வரி அல்ல, அது நன்கொடை. கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ, கொடுக்காததற்குத் தண்ணீரையும் பேச்சுவார்த்தையையும் நிறுத்தவோ யாருக்கும் அதிகாரமில்லை. இது உங்கள் பக்கத்துப் பலம். ஆனால் அதை முதல் வார்த்தையாகச் சொன்னால் பேச்சு அங்கேயே முறியும்.

நோம்பிக் கணக்கில் பூசை, கெடா, கரகம் மட்டுமில்லை. பந்தல், விளக்கு, தண்ணீர், சுத்தம், மருத்துவ உதவி என்று ஊருக்குப் பொதுவான செலவும் பாதி இருக்கும். பூச்சாட்டுக்கு (நோம்பி தொடங்குவதை அறிவிக்கும் சடங்கு) முன்பே ஊர்ப் பெரியவரைத் தனியாகப் பார்த்து, "பூசைக்குக் கொடுக்க எங்க வழிபாட்டுல எடமில்லைங்க. நீர்மோர்ப் பந்தல் செலவை நாங்க ஏத்துக்கறோம்" என்று சொல்லுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். வரிக்குச் சமமான தொகையோ கொஞ்சம் கூடவோ இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் மதத்தைச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம்தான் எதிர்ப்பக்கத்தில் பெரிது, அது இதோடு போய்விடும். கூட்டம் கூடிய இடத்தில், வசூலுக்கு வந்தபின், நாலு பேர் முன்னால் மறுப்பதுதான் காரியத்தைக் கெடுப்பது. இது திருநீறு கேள்விக்குச் சொன்னதுதான்: முன்னாலேயே சொன்ன மறுப்பு வலிக்காது.

இன்னொன்று, பல ஊர்களில் சாட்டு விழுந்தபின் நோம்பி முடியும்வரை கல்யாணம் வைப்பதில்லை. உங்கள் ஆலயத் திருமணத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த நாட்களில் வைத்தால் அக்கம்பக்கத்தார் வர முடியாது. தேதி குறிக்கும் முன் சாட்டு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழவு வீட்டுல எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுங்க?

முஸ்லிம் வீட்டில் அடக்கம் சீக்கிரம் நடக்கும், பெரும்பாலும் அன்றைக்கே. சேதி கேட்டதும் கிளம்புங்கள். மாலை, மலர்வளையம் வாங்கிப் போக வேண்டாம். இறந்தவர் பெண் என்றால் வெளி ஆண்களுக்கு முகம் காட்டமாட்டார்கள், கேட்காதீர்கள். ஜனாஸா தொழுகை நின்றபடியே நடக்கும், குனிவதும் சஜ்தாவும் (தரையில் நெற்றி வைப்பது) கிடையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் பின்னால் அமைதியாக நின்றால் போதும். சந்தூக்குக்கு (உடலை வைத்துச் சுமக்கும் பெட்டி) தோள் கொடுக்க ஆசை இருந்தால் பக்கத்தில் உள்ளவரிடம் கேளுங்கள், பல ஊர்களில் தடையில்லை. அடக்கம் செய்யும்போது மூன்று கைப்பிடி மண் போடுவார்கள்.

கிறிஸ்தவ வீட்டில் மாலை போடலாம். ஊதுபத்தி கொண்டுபோக வேண்டாம். ஜெபம் நடக்கும்போது உள்ளே நுழைய வேண்டாம், பாட்டு முடிந்ததும் போங்கள்.

இந்து வீட்டுக்கு வரும் மற்ற மதத்தார் வாய்க்கரிசி போட வேண்டியதில்லை. அது உறவுக்காரர்கள் செய்யும் சடங்கு. மாலை போடுவது உங்கள் மார்க்கத்தில் ஒப்பாது என்றால் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டு ஆம்பளையின் கையைப் பிடித்துவிட்டு வாருங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக்கூடாது. சொல்லிக்கொள்ளாமலே வந்துவிடுவதுதான் வழக்கம்.

மிஷன் ஸ்கூல்ல தினமும் ஜெபம் சொல்றாங்க. எங்க பையன் கலந்துக்கோணும்னு கட்டாயமுங்களா?

இல்லை. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், 18 வயது ஆகாத பிள்ளையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால் போதும். மற்றவர்கள் சொல்லும்போது பேசாமல் நிற்பது முதல் கேள்வியில் சொன்ன இரண்டாம் வகை, அதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதே பிரிவு எந்த மதத்தார் நடத்தும் பள்ளிக்கும் பொருந்தும்.

விடியால பாங்கு, மார்கழியில பாட்டு. ஸ்பீக்கருக்கு என்னதாங்க சட்டம்?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக இரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசால் முடியும், வருசத்துக்கு 15 நாளுக்கு மேல் அல்ல. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் ஒரே விதி. புகார் கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் சொந்தக் கோயிலின் குழாயைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.

எங்க பொண்ணு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கறேங்கறா. ரெண்டு பேரும் மதம் மாறாம கல்யாணம் பண்ண முடியுமுங்களா?

முடியும். சிறப்புத் திருமணச் சட்டம், 1954. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம், அதாவது பதிவு அலுவலகத்தில், அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது 30 நாள் பலகையில் இருக்கும். சட்டப்படியான ஆட்சேபம் இல்லையென்றால் மூன்று சாட்சிகள் முன் கையெழுத்து. அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு அறிவிப்பை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மாறாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டினால் போதாது. இந்துத் திருமணச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும்.

தோட்டம் காடு உள்ள குடும்பங்கள் சொத்தைப் பற்றித்தான் அடுத்து கேட்பார்கள். கூட்டுக் குடும்பத்து இந்து ஒருவர் வேற்று மதத்தாரை இந்தச் சட்டத்தில் மணந்தால், அவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவர் கணக்கில் வருவார் (பிரிவு 19). பங்கு பறிபோகாது. இவர்களுக்குப் பின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.

பையன் கத்தோலிக்கராக இருந்து ஆலயத்திலும் நடத்த ஆசைப்பட்டால், ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும், பங்குத்தந்தை வழியாக மனுச் செய்யலாம். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பவர் பையன்தான், பெண் அல்ல. ஆனால் அந்த வாக்கைப் பெண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் பெண் தலையாட்டிவிட்டு அப்புறம் அழக்கூடாது. முஸ்லிம் ஒருவருக்கும் இந்துவுக்கும் மாறாமல் முறையான நிக்காஹ் நடக்காது, அங்கேயும் இந்தச் சிறப்புச் சட்டம்தான் வழி.

வந்த மருமக கிறிஸ்தவப் பொண்ணு. கொலதெய்வத்துக்குப் பொங்கல் வெக்கக் கூட்டிட்டுப் போலாமுங்களா?

கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். விறகு எடுப்பது, அரிசி களைவது, ஒறம்பரையைக் கவனிப்பது, பந்தி பரிமாறுவது எல்லாம் அந்த வீட்டு மருமகளாகச் செய்யும் வேலை. மாவிளக்கு எடுப்பதும் சந்நிதியில் விழுந்து கும்பிடுவதும் வழிபாடு. முன்னதற்குச் சந்தோசமாக வருகிற பெண்ணைப் பின்னதற்கு நாலு பேர் முன்னால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இதைவிடக் கடினம் பேரப்பிள்ளைக்கு மொட்டையா ஞானஸ்நானமா என்பது. அதைக் கல்யாணத்துக்கு முன்பே புருசன் பெண்டாட்டி இருவரும் பேசி முடித்து, அப்பாரு ஆத்தாவிடம் மகனே சொல்ல வேண்டும். மருமகள் வாயால் சொல்ல வைத்தால் பழி அவள்மேல் விழும். காதுகுத்தைக் கோயிலில் வைக்காமல் வீட்டிலோ மண்டபத்திலோ மாமன் மடியில் வைத்து, சீரோடு நடத்துவதற்கு இரு வீட்டாரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மதம் மாறினா எஸ்.சி. சான்று போயிருமுங்களா? சர்ச்சுக்குப் போனாலே போயிருமுங்களா?

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) ஆகியோருக்கே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் அது நீங்கும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். மேலே சொன்ன முதல் இரண்டு வகையில் ஆலயத்துக்குப் போய்வருவது மதமாற்றம் அல்ல. ஞானஸ்நானம் எடுத்தபின் இந்து என்று சான்று வாங்குவதுதான் சிக்கல்.

ஊட்டுக்கே வந்து எங்க சாமியைப் பேய்ங்கறாங்க. இதையும் பொறுத்துக்கோணுமுங்களா?

வேண்டாம். தன் மதத்தைப் பரப்ப அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமையில் அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. பிறர் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது குற்றம். ஆனால் போலீசுக்குப் போவதற்கு முன் ஒரு வார்த்தை போதும்: "உங்க சாமியைப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். எங்க சாமியைப் பத்தி நீங்க சொல்ல வேண்டாமுங்க." நம்பிக்கையைச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லச் சொல்கிறது பைபிள் (1 பேதுரு 3:15). அல்லாஹ் அல்லாதவற்றை அழைப்போரை ஏசாதீர்கள் என்கிறது குர்ஆன் (6:108). வந்தவர் தன் வேதத்தையே மீறுகிறார். இதே அளவுகோல், அடுத்தவர் நபியையோ மாதாவையோ நம் ஆட்கள் இளக்காரமாகப் பேசும்போதும் உண்டு.

கோயமுத்தூர்ல நடந்ததையெல்லாம் மறந்துட்டா இதைப் பேசறீங்க?

மறக்கவில்லை. 1997 நவம்பர் கடைசியில் காவலர் ஒருவர் கொலையும் அதைத் தொடர்ந்த கலவரச் சாவுகளும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களும் போயின. ஆள் போன வீடுகள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. அந்த வீட்டாரிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்ல வெளியாளுக்கு உரிமையில்லை.

குற்றம் செய்தவன் கணக்கைக் கடைத்தெருவில் நமக்கு இருபது வருசமாகத் துணி அளக்கும் மனிதர் தலையில் எழுதாமல் இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கலவரப் படம் வந்தால் எந்த ஊர், எந்த வருசம் என்று பாருங்கள். வேறு மாநிலத்துப் பழைய படம்தான் பெரும்பாலும் சுற்றி வருகிறது. தெரியவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒருவருடைய நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும், கூப்பிட்டுக் கேளுங்கள். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்துக்கு முன் நடக்கும் அமைதிக் கூட்டத்துக்கு இரு தரப்பிலும் வயசானவர்களை மட்டும் அனுப்பாமல், ஊர்வலத்தில் முன்னால் நடக்கப் போகிற இளவட்டங்களையும் அனுப்புங்கள். எந்த இடத்தில் மேளம் நிறுத்துவது என்ற பேச்சு அவர்கள் காதில் நேராக விழ வேண்டும்.

எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்துப் பேசினதுல எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. நிறுத்திக்கட்டுமா?

போவதை நிறுத்த வேண்டாம், உங்கள் அன்றாட வழிபாட்டையும் நிறுத்த வேண்டாம். விளக்கு வைப்பவர் விளக்கு வையுங்கள், ஐவேளை தொழுபவர் தொழுங்கள், ஜெபிப்பவர் ஜெபியுங்கள். சாவு, கடன், நோய் நடக்கும் காலத்தில் மாறுவது, விடுவது என்ற முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

வந்த சந்தேகங்களை ஒரு தாளில் கேள்வி கேள்வியாக எழுதுங்கள். அவற்றை முதலில் உங்கள் மரபில் படித்தவரிடம் கேளுங்கள். முதல் கேள்வி கேட்ட முருக பக்தர் சின்னவேடம்பட்டிக் கௌமார மடாலயத்துக்கோ பேரூர் ஆதீனத்துக்கோ போகலாம். கிறிஸ்தவருக்குப் பங்குத்தந்தையோ போதகரோ, முஸ்லிமுக்கு ஹஜ்ரத். இதற்கு முன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்பவர்கள்தான் அதிகம். பதில் கிடைத்ததை அடித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அடிபடாமல் நிற்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு மறுபடி அவரிடமே போங்கள். அவர் கோபித்துக்கொண்டால் அதே மரபில் இன்னொருவரைத் தேடுங்கள்.